படையலில் இல்லாத குழம்பு

இறந்தவருக்குப் படைக்கும்போது தமிழ் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. அவருக்கு என்னென்ன பிடிக்கும் என்று யோசித்து யோசித்து இலையில் வைப்பார்கள். வடை, அதிரசம், முருங்கைக்காய் சாம்பார். அசைவம் சாப்பிடுகிற வீடென்றால் கறி, மீன், கருவாடு. சில வீடுகளில் வெற்றிலை பாக்கோடு சுருட்டும் சாராயமும்கூட வரும். தாத்தாவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். காலமெல்லாம் அடுத்தவர் கையால் சாப்பிட்டு, இது பிடிக்கும், அது ஆகாது என்று சொல்லிக்கொண்டே வாழ்ந்தவர் அவர். அதே வீட்டுப் பாட்டிக்கோ, தெருவுக்கே சமைத்துப்போட்ட எதிர்வீட்டு அக்காவுக்கோ படைக்கும்போதுதான் திண்டாட்டம். அவருக்கு என்ன பிடிக்கும்? பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. எல்லோரும் எழுந்த பிறகு உட்கார்ந்து, சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துச் சாப்பிட்டவரிடம் யார் கேட்டிருப்பார்கள்? "அவங்களுக்கு எல்லாமே பிடிக்கும்" என்று சொல்லி, மகனுக்குப் பிடித்ததை இலையில் வைத்துவிடுவதும் நடக்கிறது.

இதில் யாரையும் குறைசொல்ல ஒன்றுமில்லை. சடங்கு சாப்பிடுகிறவரை மனதில் வைத்து உண்டானது. போனவர் பசியாறட்டும் என்பது அதன் எண்ணம். ஆனால் ஆசையாகச் சமைத்த ஒருவர் போகும்போது, பத்து வீட்டுக்குப் பழகிப்போன ஒரு ருசியும் கூடவே போகிறது. அதைப் பிடித்துவைக்க வேண்டிய ஆள் பக்கத்து வீட்டுக்காரர்தான். அதுவும் சம்பந்தப்பட்டவர் அடுப்படியில் நிற்கும் காலத்திலேயே.

வீட்டார் செய்ய மாட்டார்களா என்று கேட்கலாம். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மூலைக்கு மூலை ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியிலேயே பார்க்கலாம். பெயர், வயது, தோற்றம், மறைவு. அதற்குக் கீழே மகன்கள், மருமகன்கள், அவர்கள் வேலை பார்க்கும் இலாகா, பேரப்பிள்ளைகள் இருக்கும் நாடு. அறுபது வருடம் அந்தக் குடும்பத்துக்கு உலைவைத்தவர் அவர் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இருக்காது. மிஞ்சிப்போனால் அன்னமிட்ட கை என்று ஒரு வரி. எந்த அன்னம், என்ன குழம்போடு என்றெல்லாம் கேட்கக் கூடாது.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றது அது. ஆண்களுக்கு 97 நிமிடம். 2024இல் மறுபடியும் கணக்கெடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. தினமும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஒருவர் செய்த வேலைக்கு, அவர் போன பிறகு ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சுவதில்லை. ரேஷன் கார்டு இருக்கும், வாக்காளர் அட்டை இருக்கும், ஒரு வத்தக்குழம்புக்கான குறிப்பு இருக்காது.

இந்த ஐந்து மணி நேரத்தையெல்லாம் ஆசையோடு செய்தார்கள் என்று பூசி மெழுகவும் கூடாது. வேறு வழியில்லாமல் சமைத்த பெண்களே அதிகம். செத்தபிறகு அவர்களையெல்லாம் அன்னபூரணி ஆக்குவது, இருந்தபோது ஒரு டம்ளர் காபி போட்டுக்கொடுக்காதவர்கள் செய்கிற வேலை. விரும்பிச் சமைத்தவர் வேறு ரகம். அவரை அடையாளம் காண்பது எளிது: தன் வீட்டுக்குத் தேவையான அளவோடு அவரால் நிறுத்த முடியாது. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் வரும். "கொஞ்சம் ருசி பாத்துச் சொல்லு" என்று வரும். திரும்பிப் போகும் கிண்ணம் காலியாகப் போகக் கூடாது என்பதால், இந்தப் பக்கத்திலிருந்து நாலு எலுமிச்சம்பழமோ ஒரு பிடி சர்க்கரையோ அதில் ஏறும். வாங்கிச் சாப்பிட்டவர் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னால் அவருக்குத் திருப்தி வராது. புளி தூக்கலா, உப்பு சரியா, போன தடவைக்கு இந்தத் தடவை எப்படி என்று குடைவார். சமையலை விரும்புகிறவருக்குப் பாராட்டு போதாது, பேச்சுத்துணை வேண்டும். அந்தத் துணை பெரும்பாலும் வீட்டுக்குள் கிடைப்பதில்லை, சுவருக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கிறது.

நியூயார்க்கின் புரூக்ளினில் கிரீன்வுட் என்று ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே 2009இல் இறந்த நவோமி மில்லர் டாசன் என்ற பெண்மணியின் கல், விரித்துவைத்த புத்தகம்போல் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் பைபிள் வசனம் இல்லை. வெண்ணெய், சர்க்கரை, வெனிலா, முட்டை, மாவு, பேக்கிங் பவுடர், உப்பு என்று ஏழு பொருளும் அளவும் இருக்கின்றன. ஸ்பிரிட்ஸ் என்ற பிஸ்கட்டுக்கான பட்டியல் அது. வாஷிங்டனில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த ரோஸி கிராண்ட் என்ற இளம்பெண் 2021இல் இந்தக் கல்லைப் பற்றித் தெரிந்துகொண்டு, அதைப் பார்த்து பிஸ்கட் சுட்டு டிக்டாக்கில் போட்டார். பிறகு இப்படிச் சமையல் குறிப்பு பொறித்த கல்லறைகளை ஊர் ஊராகத் தேடிப் போனார். இறந்தவர்களின் குடும்பத்தாரைச் சந்தித்தார், கல்லில் இருந்ததைச் சமைத்தார், 2025இல் அதையெல்லாம் ஒரு புத்தகமாகவும் போட்டுவிட்டார். உயிரோடு இருக்கும்வரை தர மாட்டேன் என்று விளையாட்டாகச் சொல்லிவந்தவர்களின் குறிப்பும் இப்படிக் கல்லில் ஏறியிருக்கிறது.

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இதில் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. நவோமியின் கல்லில் பொருள்கள் மட்டுமே இருக்கின்றன, செய்முறை இல்லை. அடுப்பு எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், மாவை எப்படிப் பிழிவது என்று ஒரு வார்த்தை கிடையாது. தெரிந்தவர் செய்துகொள்ளலாம். யூட்டா மாநிலத்து லோகன் நகரில் கே ஆண்ட்ரூஸ் என்பவரின் கல்லறையில் ஃபட்ஜ் என்ற இனிப்புக்கான குறிப்பு இருக்கிறது. அதில் வெனிலாவின் அளவு முதலில் தப்பாகப் பொறிக்கப்பட்டு, பிறகு திருத்தப்பட்டது. கல்லில் எழுதினாலும் சமையல் குறிப்பு தப்பாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த அளவில் செய்ததைச் சமைத்தவரிடம் கொடுத்திருந்தால், ஒரு வாய் தின்றுவிட்டு, என்னடா இது, பாட்டிலோடு கவிழ்த்துவிட்டாயா என்று கேட்டிருப்பார்.

நம் ஊர்ச் சமையலில் இந்தச் சிக்கல் பல மடங்கு. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சித்திரை வெயில் ஏறியதும் அங்கே தாளிப்பு வடகம் போடுகிற வேலை தொடங்கும். ஒரு வீட்டு வேலையாக அது ஒருநாளும் நடப்பதில்லை. வெங்காயம் உரிக்க நாலு பேர் வேண்டும், மொட்டைமாடி பெரிதாக இருக்கிற வீடு வேண்டும், காக்காய் விரட்டப் பள்ளிக்கூட விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, என்ன போடுவது என்று தெரிந்த ஒரு அக்கா வேண்டும். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடிக்கிறார்கள். உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், பெருங்காயம், கல் உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து ஒரு ராத்திரி வைக்கிறார்கள். மறுநாள் காலையில் பிழிந்து பாயில் காயவைக்கிறார்கள், பிழிந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. சாயங்காலம் காய்ந்ததைத் திரும்ப அந்தத் தண்ணீரிலேயே போடுகிறார்கள். தண்ணீர் முழுக்க உள்ளே போகும்வரை சில நாளைக்கு இதுவே வேலை. பிறகு விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து மறுபடியும் வெயில். உருண்டை கறுத்து, கல்மாதிரி இறுகி, ஜாடிக்குள் போனால் அடுத்த சித்திரை வரைக்கும் கவலையில்லை. மீன் குழம்பு, கீரை மசியல், வத்தக்குழம்பு என எதில் கிள்ளிப் போட்டுத் தாளித்தாலும் வாசம் அடுத்த தெருவுக்குப் போகும்.

இப்போது பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிறாள்: "ஏன்க்கா, வெந்தயம் எவ்ளோ போட்டீங்க?"

"எவ்ளோன்னா என்னாத்த சொல்றது? கையில வந்தத போட்டேன்."

"உப்பு?"

"வெங்காயத்தப் பாத்துப் போடு."

வெங்காயத்தைப் பார்த்து உப்புப் போடுவது எப்படி என்று கேட்டால் அக்கா சிரிப்பார். மறைக்கிறார் என்று அர்த்தமில்லை. உரித்த வெங்காயம் எவ்வளவு தண்ணீர் விடும், இந்த வருடத்து வெங்காயம் நீர்க்காயா நெட்டுக்காயா என்று அவர் கண் எடை போடுகிறது, கை அதற்கேற்ப அள்ளுகிறது. இதைச் சொல்லில் கொண்டுவரும் பழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். வேண்டுமென்றே ஒரு சாமானை விட்டுவிட்டுச் சொல்லுகிற அக்காக்களும் உண்டு. அந்தக் கலை தனி.

சொல்லத் தெரியாததை ஊர் என்ன செய்தது என்றால், கைப்பக்குவம், கைராசி, கைமணம் என்று பெயர் வைத்துத் தூக்கிப் பரணில் போட்டது. அவங்க கைக்குத்தான் அது வரும் என்று சொல்லிவிட்டால் கற்றுக்கொள்ள வேண்டிய பொறுப்பிலிருந்து எல்லோருக்கும் விடுதலை. இட்லி மாவு சிலர் கை பட்டால்தான் பொங்கும் என்ற பேச்சு அப்படிப்பட்டது. மாவைப் பொங்கவைக்கும் லியூகோனாஸ்டாக் என்ற நுண்ணுயிரி உளுந்தோடும் அரிசியோடும் சேர்ந்தே வருவது. ஊறிய நேரம், அரைத்த பதம், அன்றைய வெப்பம் இவை மூன்றும் சரியாக இருந்தால் யார் கரைத்தாலும் பொங்கும். மார்கழியில் மாவுப் பாத்திரத்தைப் போர்வைக்குள் சுற்றிவைக்கிற பாட்டிக்கு இது நன்றாகவே தெரியும். அவர் செய்தது ராசி அல்ல, வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் வேலை.

உப்பும் அப்படித்தான். ஒரு கரண்டி தூள் உப்பும் ஒரு கரண்டி கல் உப்பும் ஒரே எடை ஆகாது. கல் உப்பில் இடைவெளி அதிகம், அதனால் எடை குறைவு. கல் உப்புப் போட்டுப் பழகிய மாமியாரின் ரெண்டு கரண்டியை மருமகள் தூள் உப்பில் போட்டால் குழம்பு வாயில் வைக்க முடியாமல் போகும். பழி மருமகள் கைமேல் விழும். பழைய அரிசி தண்ணீரை அதிகம் குடிக்கும், புது அரிசி குழையும். பழம்புளி குழம்பைக் கறுக்கவைக்கும். ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கும் நீட்டு மிளகாய்க்கும் காரம் ஒன்றல்ல. இவையெல்லாம் சொல்லிக்கொடுக்கக் கூடியவை, எழுதக் கூடியவை. கையைப் புகழ்ந்து புகழ்ந்து மூளையை மறந்துவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

எழுத முடியும் என்று காட்டியவர் ஒருவர் இருந்தார். எஸ். மீனாட்சி அம்மாள், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். எப்படிச் செய்வது என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்க, உறவினரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் எழுதச் சொல்லித் தூண்ட, 1951இல் அவருடைய 'சமைத்துப் பார்' வந்தது. புளி எந்தக் காய் அளவு, மாவு எந்தப் பதம் என்று புதிதாகக் குடித்தனம் போகும் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் எழுதினார். படியும் ஆழாக்கும் புழங்கிய காலம் அது. எட்டு ஆழாக்கு ஒரு படி. 1956இல் சட்டம் வந்து, அடுத்த சில வருடங்களில் லிட்டரும் கிராமும் கடைத்தெருவுக்கு வந்தன. 1962இல் மீனாட்சி அம்மாள் காலமானார். புத்தகம் நிற்கவில்லை. அடுத்தடுத்த தலைமுறை அச்சிட்டது, ஆங்கிலத்துக்கும் போனது, வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகளின் பெட்டியில் ஊறுகாயோடு அதுவும் ஏறியது.

அது ஒரு சமூகத்தின் சைவச் சமையலறை என்பதையும் சொல்லியாக வேண்டும். மீன் குழம்புக்கும் ஆட்டுக்கறிக்கும் கருவாட்டுத் தொக்குக்கும் அதில் இடமில்லை; அதே காலத்தில் அவற்றைச் சமைத்த கைகளுக்கு நோட்டும் பேனாவும் கொடுத்து எழுது என்று சொன்ன மாமாக்கள் அதிகம் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த வீட்டுச் சமையல் நூலாகி நின்றது. மற்ற வீடுகளின் சமையல், அதைத் தெரிந்தவரோடு மயானத்துக்குப் போனது. இன்றைக்கு அந்தச் சாக்குச் சொல்ல முடியாது. எழுதத் தெரியாத பாட்டியின் பக்கத்து வீட்டில் எழுதத் தெரிந்த பெண்ணோ பையனோ நிச்சயம் இருக்கிறார்கள்.

சொந்தப் பிள்ளைகளைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் இதற்கு ஏன் தோது? பிள்ளைகளுக்கு அம்மா சமையல் காற்றுமாதிரி, அது தனியாகக் கண்ணில் படாது. மருமகளுக்கு அதைக் கேட்பதில் ஒரு கௌரவப் பிரச்சினை, மாமியாருக்குச் சொல்வதிலும் அதே பிரச்சினை. பக்கத்து வீட்டுக்காரிக்கு இரண்டும் இல்லை. அவள் வீட்டிலும் அதே குழம்பு கொதிக்கிறது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நாக்கில் வைத்ததும் அவளுக்குத் தெரிகிறது. கேட்பதற்கு அவளுக்குக் காரணமும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது.

சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. எடுக்கும்வரை அந்த வீட்டுக்குக் காபியும், எடுத்த பிறகு சோறும் பக்கத்து வீடுகளிலிருந்தே போகும். தெருவுக்கெல்லாம் சமைத்தவர் போன அன்று, தெரு அவர் வீட்டுக்குச் சமைக்கிறது. அன்றைக்குப் போகும் ரசத்தில், போனவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட பக்குவம் ஏதாவது இருக்கத்தான் செய்யும். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதை அடையாளம் கண்டுகொண்டு இலையில் தலைகுனிவதும் உண்டு.

பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவருக்காக எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் செக் நாட்டிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் டெரெசின் என்ற ஊரில் யூதர்களை அடைத்துவைத்தார்கள். பட்டினி கிடந்த அந்தக் கூடங்களில் பெண்கள் படுத்தபடியே ஒருவருக்கொருவர் சமையல் சொல்லிக்கொண்டார்கள். கேக்குகள், கொழுக்கட்டைகள், கறி வகைகள் என்று கிடைத்த தாளில் எழுதினார்கள். மினா பேக்டர் என்ற மூதாட்டி அந்தக் கையெழுத்து நோட்டை ஒரு நண்பரிடம் கொடுத்து, பாலஸ்தீனத்தில் இருக்கும் தன் மகள் ஆனியிடம் சேர்க்கச் சொன்னார். 1944இல் அங்கேயே பசியால் இறந்தார். நண்பர் பிழைத்துக்கொண்டார். மகளின் விலாசம் அவருக்குத் தெரியாது. பல வருடம் பொட்டலத்தை வைத்திருந்தார். அந்தப் பக்கம் போன உறவினரிடம் கொடுத்தனுப்பினார். அதற்குள் மகள் அமெரிக்காவுக்குக் குடிபோயிருந்தார். கை மாறிக் கை மாறி, சுமார் 25 வருடம் கழித்து நியூயார்க்கில் அது மகள் கைக்கு வந்து சேர்ந்தது. பயத்தால் அதைத் திறந்து பார்க்கவே ஆனிக்கு நெடுநாள் ஆனது. 1996இல் காரா டி சில்வா அதைப் பதிப்பித்துப் புத்தகமாக்கினார். பல குறிப்புகளில் ஏதாவது ஒரு சாமான் விட்டுப்போயிருக்கிறது, படிகள் குழம்பியிருக்கின்றன. பசித்துக் கிடந்தவர்களின் நினைவு அவ்வளவுதான் பிடித்துவைத்தது. பதிப்பாளர் அவற்றைத் திருத்தாமல் அப்படியே விட்டார். சரியான முடிவு அது.

யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அச்சிட்டுக் கொடுப்பார்கள்; கல்வெட்டு என்றும் சொல்வார்கள். தேவார திருவாசகம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, பிள்ளைகளின் நன்றியுரை எல்லாம் அதில் இருக்கும். 2005இலிருந்து இயங்கும் நூலகம் மின்னூலகம் இப்படிப்பட்ட மலர்களையும் வருடி இணையத்தில் ஏற்றிவருகிறது. ஊர் வரலாறு தேடுகிறவர்களுக்கு அது பொக்கிஷம். ஒடியற்கூழ் காய்ச்சுவதில் பேரெடுத்த ஒரு அம்மாவின் மலரில் அந்தக் கூழைப் பற்றி அரைப்பக்கம் எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒடியல் மாவை எத்தனை முறை தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் கைப்புப் போகும், நண்டும் இறாலும் மீனும் எந்த வரிசையில் விழ வேண்டும், பயத்தங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் எப்போது, செத்தல் மிளகாயும் பழப்புளியும் எவ்வளவு என்பது, கூழை டொரொன்டோவிலும் லண்டனிலும் காய்ச்சப் பார்க்கிற பேரப்பிள்ளைக்குத் தேவாரத்தைப் போலவே தேவை. தேவாரம் வேறு புத்தகத்திலும் கிடைக்கும். அந்த அம்மாவின் கூழ் வேறெங்கும் கிடைக்காது. அதுவுமில்லாமல், கூழ் தனியாளுக்குக் காய்ச்சுகிற பண்டமே இல்லை. பெரிய சட்டியில் காய்ச்சி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, பலாவிலையைக் கோலிக் குடிப்பது. அதன் குறிப்பில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாத்தியதை உண்டு.

தமிழ்நாட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்கு எவர்சில்வர் தட்டோ டப்பாவோ பெயர் வெட்டிக் கொடுக்கிற வீடுகள் உண்டு. ஒரு சமையல் குறிப்பை அச்சடித்த அட்டை அந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு ஆகாது.

காணொளி வந்த பிறகு எழுத்து எதற்கு என்பவர்கள் இருக்கிறார்கள். காணொளி பெரிய உதவிதான். ஆந்திரத்தின் குண்டூர்ப் பக்கத்துக் கிராமமான குடிவாடாவில் கர்ரே மஸ்தானம்மா என்ற மூதாட்டி வயல்வெளியில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டிச் சமைத்ததை, 2016இலிருந்து அவருடைய பேரப்பிள்ளை முறையில் ஒருவரும் நண்பரும் படம்பிடித்து யூடியூபில் போட்டார்கள். தர்பூசணிக்குள் கோழியை வைத்து வேகவைத்த காட்சியை உலகமே பார்த்தது. 2018 டிசம்பரில் அவர் காலமானார். வயது 107 என்றார்கள். தெலங்கானாவில் பெரிய அண்டாக்களில் சமைத்து ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுத்த நாராயண ரெட்டி தாத்தா 2019 அக்டோபரில் போனார். அவர்களுடைய கைகள் இன்றும் திரையில் அசைகின்றன. ஆனால் படத்தில் இஞ்சியை நகத்தால் சுரண்டுவது தெரியும், எத்தனை கிராம் என்பது தெரியாது. பருப்பு எவ்வளவு நேரம் ஊறியது என்பது வெட்டப்பட்டிருக்கும். அடுப்பைக் குறைத்த நொடி தெரியும், ஏன் குறைத்தார் என்பது தெரியாது. அந்த ஏன் என்பதைக் கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

செய்வது ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அக்காவிடம் எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட வேண்டும், கேட்டால் அவர் கை தடுமாறும். சமைக்கத் தொடங்குமுன் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் எடை போட்டு எழுதிக்கொண்டு, முடிந்தபின் மறுபடி எடை போட்டால் கழித்தலில் கணக்கு வந்துவிடும். அவர் வழக்கம்போல் அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கலாம். செல்போனில் பேச்சைப் பதிவு செய்யலாம், அவர் சம்மதத்தோடு. எந்தக் கடைப் புளி, எந்த ஊர் மிளகாய், அரிசி பழையதா புதியதா என்று மறக்காமல் குறிக்க வேண்டும். ஒரே குழம்பை வேறொரு நாளும் பார்க்க வேண்டும். இரண்டு நாள் கணக்கும் ஒத்துவராது. எங்கே மாறியது, ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் அங்கேதான் அவர் வாய் திறக்கும்.

கெட்டுப்போனதைப் பற்றியும் கேட்க வேண்டும். நல்ல சமையல்காரரின் அறிவு, தப்பானதைச் சரிக்கட்டுவதில் இருக்கிறது. உப்புக் கூடிப்போன குழம்பில் உருளைக்கிழங்கு போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். கிழங்கு உப்பைத் தனியாக உறிஞ்சாது, உப்புத்தண்ணீரையே குடிக்கும். மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். கெட்டிக்கார அக்கா கிழங்கைப் போட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது தேங்காய்ப்பாலும் ஒரு டம்ளர் வெந்நீரும் ஊற்றியிருப்பார். இந்த உண்மை எந்தப் புத்தகத்திலும் வராது.

நாளிதழ்களும் இதில் ஒரு காரியம் செய்யலாம். நீத்தார் நினைவு விளம்பரத்தில் நாலு வரி சமையல் குறிப்புக்கு மட்டும் காசு வாங்காமல் இடம் கொடுக்கலாம். ஒரு வருடத்தில் எந்தச் சமையல் கலைஞரும் தொகுக்க முடியாத ஒரு தொகுப்பு சேர்ந்துவிடும்: ஊர் வாரியாக, சாதி மதம் பாராமல், கறி மீன் உட்பட. வியாபாரத்துக்கும் மோசமில்லை, அந்தப் பக்கத்தை இப்போது வயதானவர்கள் மட்டும் புரட்டுகிறார்கள், பிறகு வீட்டில் சமைக்கிற எல்லோரும் புரட்டுவார்கள்.

அதுவரை சித்திரைக்குக் காத்திருக்கலாம். வெயில் வந்ததும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் பாய் விரியும்போது, தராசையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கிற சாக்கில் மேலே போய்விடலாம். வெந்தயம், கடுகு, உளுந்து எல்லாம் தானாக எடையில் வந்துவிடும். விளக்கெண்ணெய் எவ்வளவு தொட்டார் என்பதை மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அதை எந்த அக்காவும் தானாகச் சொல்வதில்லை.